கருப்பசாமிக்கு நான் கார்டியன் ஆன கதை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஈபி ஆபீசுக்குப் போயி ஒரு அப்ளிகேஷனைக் குடுத்துட்டு வரணும். அம்புட்டுத்தான்.

குடுத்துட்டு, சிவகாசி பஸ் ஸ்டாண்டுல ஒரு பருத்திப்பால் குடிச்சிட்டு, மதியத்துக்கு மேல பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிரலாம்னு நினைச்சுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புனேன்.

போகும்போது நான் வெறும் மாரீஸ்வரி. திரும்பி வரும்போது ஒரு சாமியே என் பொறுப்புல இருந்துச்சு!

இது நடந்தது செல்போன்ல எல்லாரும் பாம்பு விளையாட்டு விளையாண்டுக்கிட்டு இருந்த காலத்துல. ரெண்டாயிரத்துக்குப் பிறகு நாலஞ்சு வருசம்னு வச்சுக்கோங்க. ஊரு விஸ்வநத்தத்துக்கு அங்கிட்டு. பேரு வேண்டாம். எழுதுனா இப்பவும் நாலு பேரு வீட்டு வாசல்ல வந்து நிப்பாக.

எங்க ஊருல பாதிப் பேரு பட்டாசுக் கம்பெனி, மீதிப் பேரு தீப்பெட்டி ஆபீசு. நான் மட்டும் சிவகாசி ஆப்செட் பிரஸ்ஸுல கம்ப்யூட்டர்ல டைப்படிக்கிறவ. கல்யாணப் பத்திரிகை, சாமி காலண்டர், மசாலாப் பொடி லேபிள், எல்லாம் நம்ம கைதான். அதனால ஊருக்குள்ள நான்தான் விவரமானவ. ஆபீசுக் காரியம் எதுன்னாலும் "மாரியக் கூப்பிடு"ன்னுருவாக. எனக்கும் அதுல ஒரு பெருமை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெருமை!

சரி, என்ன அப்ளிகேஷன்னு சொல்றேன்.

ஊருல தண்ணி கிடையாது. காலையில கம்பெனி வேன் வர்றதுக்குள்ள, ஊரத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணத்துக்குப் போயி எடுத்தாரணும். தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம். வேன் ஆரன் அடிச்சா பாதி வழியில குடத்த வச்சிட்டு ஓடுற பொம்பளைகளும் உண்டு. நானே ஒரு தடவை ஈரச் சேலையோட பிரஸ்ஸுக்குப் போயி, கீபோர்டுல தண்ணி சொட்டி, முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அந்த வருசம் ஊர் கூடி கருப்பசாமி கோயில் நிலத்துல போர் போட்டாக. தண்ணி பொங்கிக்கிட்டு வந்துச்சு! மோட்டார் வாங்கி இறக்கியாச்சு. மோட்டார் ரூம் கட்டியாச்சு. பைப் இழுத்து ஊர் நடுவுல குழாய் வச்சாச்சு. கரண்டு மட்டும்தான் பாக்கி.

அந்தக் கரண்டுக்குத்தான் அப்ளிகேஷன். ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரு கழுத்தும் அந்தக் காயிதத்தை நம்பித்தான் இருந்துச்சு.

ஆபீசுல கிளார்க் சாரு புரட்டிப் பாத்தாரு. பட்டா நகல்ல விரல வச்சாரு.

"நிலம் யாரு பேருல இருக்கு? ஒத்தப்பனைக் கருப்பசாமி. அவரு கையெழுத்து எங்க?"

"அவரு போட மாட்டாரு சார்."

"ஏன், ஆட்சேபணையா?"

"இல்ல சார். அவரு சாமி."

"யாரா இருந்தா என்னம்மா? பேரு கருப்பசாமி. கூட்டிட்டு வாங்க."

"சார், நெசமாவே சாமி சார்! கையில அருவா வச்சிருக்கும். பக்கத்துல நாய் நிக்கும்."

பின்னால வரிசையில நின்ன ஆளு "கூட்டிட்டு வந்துராதீங்கம்மா"ன்னாரு. ஆபீசே சிரிக்குது. கிளார்க் சாரு மட்டும் சிரிக்கல.

"பட்டாதாரர் கையெழுத்தில்லாம ஃபைல் நகராது. அவருக்குப் பதிலா யாரு போடலாம்னு ஒரு வக்கீலைக் கேட்டு எழுதிட்டு வாங்க. இன்னைக்கே வரணும். சேங்ஷன் பண்ற இன்ஜினியர், ஏ.இ. சாருக்கு மாறுதல் வந்திருச்சு. புது ஆளு வந்தா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

இன்னைக்கே! காயிதத்தை வாங்கிக்கிட்டு வெளிய ஓடுனேன்.

தெரு முனையிலயே ஒரு வக்கீல் சாரு இருந்தாரு. வயசானவரு, ரொம்ப நிதானம். நான் படபடன்னு சொன்னதை அம்புட்டையும் கேட்டுட்டு மெதுவா வாயத் திறந்தாரு.

"சட்டத்துக்கு முன்னால சாமி ஒரு மைனர்மா."

"என்ன சார் சொல்றீக!"

"ஆமாம்மா. சொத்து வச்சுக்கலாம். கேஸ் போடலாம். ஆனா தன் காரியத்தைத் தானே நேர்ல வந்து பாக்க முடியாதுல்ல? கைக்குழந்தை மாதிரி. அதனால கையெழுத்துப் போட ஒரு கார்டியன் வேணும்."

எங்க கருப்பசாமியக் கைக்குழந்தைன்னு சொன்ன முதல் ஆளு அவருதான். அந்தச் சிலையோட மீசை மட்டும் என் கை நீளம் இருக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கப் போற பிள்ளைக அந்த மொகத்தைப் பாத்துட்டு அழுதுக்கிட்டே திரும்பி வந்திருக்கு. அவருக்கு நான் கார்டியன் தேடணும்!

"யாரு சார் கார்டியனா இருக்கலாம்?"

"பூசை, நிர்வாகம் பாக்குறவங்க யாராவது."

அது எங்க பெரிய மாமாதான். என் மாமனாருக்கு அண்ணன். கோயில் சாவி அவருகிட்டத்தான். சாமி எறங்குறதும் அவரு மேலதான். ஆனா அன்னைக்கு அவரு பட்டாசுக் கம்பெனி கேட்ல வாட்ச்மேன் டூட்டி. உள்ள செல்லு, தீப்பெட்டி எதுக்கும் அனுமதி கிடையாது. ஆபீசுக்குப் போன் அடிச்சா சீசன் நேரம், எடுக்க ஆளில்ல. என் வீட்டுக்காரர் முருகேசன் லாரில லோடு ஏத்திக்கிட்டு எந்த ரோட்டுல இருக்காரோ, அவருக்கே தெரியாது.

மணி ஓடுது. ஏ.இ. சாரு பெட்டி கட்டிக்கிட்டு இருக்காரு.

எனக்கு எப்பவும் ஒரு குணம். வாய் முந்தும். கை அதுக்கும் முந்தும்.

"நான் அந்தக் கோயில் குடும்பத்து மருமகதான் சார். நான் போடலாமா?"

வக்கீல் சாரு கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்தாரு. "போடலாம். ஆனா ஊருல கேட்டுக்கிட்டீங்களா?"

"ஒரு கையெழுத்துதானே சார்! ஊருல யாரு கேக்கப் போறா?"

இந்த வாயத்தான் இன்னைக்கு வரைக்கும் செருப்பால அடிச்சுக்கிட்டு இருக்கேன்.

போட்டேன். குடுத்தேன். பருத்திப்பாலும் குடிச்சேன். வீட்டுக்கு வந்து "காரியம் முடிஞ்சிருச்சு, கரண்டு வருது"ன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன். பொம்பளைக எல்லாம் "மாரின்னா மாரிதான்"னாக. ராத்திரி நல்லாத் தூங்குனேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஈபி-ல இருந்து ஒரு கவர் வந்துச்சு. நல்ல சேதிதான். கனெக்‌ஷன் சேங்ஷன் ஆயிருச்சு, நாளைக்கு லைன்மேன் வருவாருன்னு போட்டிருந்துச்சு.

ஆனா கவர் மேல பேரு என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? "மைனர் ஒத்தப்பனைக் கருப்பசாமிக்காக, கார்டியன் மாரீஸ்வரி."

அதைத் தபால்காரரு என் கையில குடுத்திருந்தா ஒரு வம்பும் இல்ல. மனுசன் டீக்கடையில வண்டிய நிறுத்தி, சத்தமா வாசிச்சு, "இது யாருப்பா?"ன்னு கேட்டிருக்காரு!

நான் பிரஸ்ஸுல இருந்து வந்து பஸ்ஸை விட்டு எறங்குறேன். டீக்கடையில ஒரு கூட்டம் எந்திரிச்சு நிக்குது.

"இந்தா வந்துட்டாகய்யா, சாமியோட கார்டியனு!"

"மைனராம்லே! நம்ம கருப்பனைப் போயி மைனருங்குறாக!"

"அவரு மீசைக்கே எங்க தாத்தன விட வயசு அதிகம்லே!"

ஒருத்தரு முன்னால வந்து என்கிட்ட நேராவே கேட்டாரு. "ஏத்தா, அவரு ஊரக் காக்குற சாமி. அவருக்கு நீ காவலா? உனக்கு எம்புட்டுத் துணிச்சல்!"

"அண்ணே, அது சும்மா சட்டத்துக்காக எழுதுறதுண்ணே."

"சட்டத்துக்குக் கருப்பனத் தெரியாது. கருப்பனுக்கு உன் வீடு தெரியும். பாத்துக்க!"

வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரர் லோடு எறக்கிட்டு அன்னைக்குன்னு பாத்து வந்திருக்காரு. வாசல்லயே உக்காந்திருக்காரு.

"ஏ மாரி, ஊருல ஆயிரம் பேரு இருக்க, சாமிக்கு கார்டியன் ஆக நீதான் கிடைச்சியா?"

"அவசரத்துக்குப் போட்டேன்ங்க."

"நம்ம ரெண்டாவது பய ஸ்கூல்ல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும், அப்பாகிட்டப் போங்குற. சாமிக்கு நீயே போட்டுட்டியாக்கும்?"

ஞாயமான கேள்விதான்.

பெரிய மாமா டூட்டி முடிஞ்சு வந்தாரு. எப்பவும் என்னையப் பாத்தா "சாப்பிட்டியாத்தா"ம்பாரு. அன்னைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு.

"நாளைக்குச் சாமிகிட்டயே கேட்டுருவோம்."

மறுநாள் கோயில் முன்னாடி ஊரே கூடிருச்சு. கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்தவுக வேற! தீவாளி போனஸ் அன்னைக்குக்கூட அம்புட்டுக் கூட்டம் நான் பாத்ததில்ல.

சரியா அந்த நேரத்துக்கு லைன்மேன் அண்ணன் ஏணியும் வயருமா வந்து எறங்குனாரு. கூட்டத்தைப் பாத்ததும் ஏணியக் கீழ வச்சிட்டாரு.

"என்னப்பா இங்க, தகராறா?"

"இல்லண்ணே, நீங்க கம்பத்துல ஏறுங்க"ன்னு நான் ஓடுனேன்.

"தகராறுன்னா நான் ஏற மாட்டேம்மா. ஊர்ல ஆட்சேபணைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். பெறகு ஃபைலு எப்பத் திரும்பி வரும்னு எனக்குத் தெரியாது."

போச்சு! மோட்டார் இருக்கு, பைப் இருக்கு, தண்ணி இருக்கு. என் ஒத்தக் கையெழுத்தால எல்லாம் கெட்டுப் போகப் போகுது. பின்னால திரும்பிப் பாத்தா பொம்பளைக எல்லாம் காலிக் குடத்தோட குழாயடியில வரிசையா நிக்காக. அன்னைக்கு மாரின்னா மாரிதான்னு சொன்ன அதே பொம்பளைக இன்னைக்கு என்னையப் பாத்த பார்வை இருக்கே, அதுக்குக் கருப்பசாமியே தேவலாம்.

உறுமி அடிச்சாக. பெரிய மாமாவுக்கு மாலை போட்டாக. கொஞ்ச நேரம் அசையாம நின்னாரு. திடீர்னு ஒரு குலுங்கு! தல முடி அவுந்து விழ, அருவாள எடுத்து ஒரு சுத்து சுத்தி, நேரா என் முன்னாடி வந்து நின்னாரு.

"வந்துட்டேன்லே!"

ஊரே "சாமி"ன்னு கும்பிட்டுச்சு. நானும் கும்பிட்டேன்.

"ஏ மகளே! என்னமோ எழுதிக் குடுத்தியாமே! கார்டியன்னா என்னத்தா? எனக்குச் சொல்லு!"

இப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. கார்டியன்னா என்ன? ஸ்கூல் ஃபாரத்துல பாத்திருக்கேன். டைப்படிச்சிருக்கேன். அர்த்தம்னு கேட்டா மண்டையில ஒண்ணுமே இல்ல!

"சாமி, ஒரு நிமிசம். கேட்டுச் சொல்றேன்."

"யாருகிட்டத்தா கேப்ப?"

"வக்கீல்கிட்ட சாமி."

சாமி ஒரு நிமிசம் யோசிச்சுச்சு. "கேளு"ன்னு உத்தரவு குடுத்துருச்சு.

எங்க ஊருல செல்லுக்கு டவர் கிடைக்காது. கோயில் பக்கம் டவர் வேணும்னா மோட்டார் ரூம் மேல ஏறணும். லைன்மேன் அண்ணன் ஏணிய சாத்துனாரு. சேலையச் சொருகிக்கிட்டு ஏறுனேன். பாதி ஏறும்போது கீழ ஒரு சத்தம்.

"சாமிக்கு மேல போயி நிக்கிறாப்பா இவ!"

"எறங்கி வந்தா சிக்னல் எறங்கிருமே! நான் என்ன செய்ய?"ன்னு கத்துனேன். சாமி அருவாள ஆட்டி, "ஏறட்டும்"னுச்சு. நல்ல சாமி.

வக்கீல் சாரு போனை எடுத்தாரு. வாயில சோத்தோட பேசுறாருன்னு தெரிஞ்சுச்சு.

"சார், நான்தான் மாரீஸ்வரி! கார்டியன்னா என்ன அர்த்தம்னு சாமி கேக்குது சார்!"

"எந்தச் சாமிம்மா?"

"அதான் சார், நம்ம மைனரு! கீழ நிக்காக. கையில அருவா இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க!"

அந்தப் பக்கம் பொரை ஏறிருச்சு. தண்ணி குடிச்சிட்டு வந்தாரு. அவரு நிதானந்தான் உங்களுக்குத் தெரியுமே.

"அது பெரிய கதைம்மா. இங்கிலீஷ்காரன் அதைப் பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து எடுத்தான். பிரெஞ்சுக்காரன் அதுக்கும் முன்னால ஜெர்மன் பக்கத்துப் பழைய பாஷையில இருந்து எடுத்தான்..."

"சார், சாமி நிக்குது சார்!"

"வர்றேன், வர்றேன். மூலத்துல கண்ணு வச்சுப் பாத்துக்கறதுன்னு அர்த்தம். காவல். ஆஸ்பத்திரி வார்டு, ஹாஸ்டல் வார்டன், எல்லாம் அதுக்குச் சொந்தக்காரங்கதான்."

எனக்கு வந்த சந்தோசத்துல யோசிக்காமக் கத்திட்டேன்.

"சாமி! கார்டியன்னா காவக்காரின்னு அர்த்தமாம்! பிரெஞ்சுல இருந்து வந்துச்சாம்!"

சொல்லி முடிச்ச பெறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே புரிஞ்சுச்சு.

சாமி குதிச்ச குதியில செவக்காட்டுப் புழுதி மோட்டார் ரூம் உசரத்துக்கு எந்திரிச்சுச்சு!

"எனக்குக் காவலாலே! எட்டூருக்குக் காவக்காரன் நானு! எல்லையில கண்ணு மூடாம நிக்கிறவன் நானு! எனக்கு ஒரு காவலா? அவளக் கீழ எறங்கச் சொல்லுலே!"

"எறங்குத்தா"ன்னு கூட்டம் கத்துது. நான் எறங்குவேனா? மோட்டார் ரூம் நடுவுல போயி உக்காந்துக்கிட்டேன். லைன்மேன் அண்ணன் வயரைச் சுருட்ட ஆரம்பிச்சிட்டாரு. குழாயடியில ஒரு அக்கா, "போச்சுடி, நாளைக்கும் தோட்டத்துக் கிணறுதான்"னு குடத்த இடுப்புல தூக்கி வச்சிட்டாக. எனக்கு அழுகையே வந்துருச்சு.

"சார், சாமிக்குக் கோவம் வந்துருச்சு சார்! வேற அர்த்தம் ஏதாவது குடுங்க சார்!"

"அர்த்தத்தை எல்லாம் மாத்த முடியாதும்மா."

"வார்த்தையவாவது மாத்துங்க சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

போன்ல டம்ளர்ச் சத்தம் கேட்டுச்சு. மோர் ஊத்திக்கிட்டு இருந்திருப்பாருன்னு நினைக்கிறேன்.

"நம்ம பழைய பத்திரத்துல எல்லாம் கார்டியன்னு தனியா எழுத மாட்டாங்க. மைனருக்குப் போஷகரும் கார்டியனுமானன்னு எழுதுவாங்க. போஷகர்ங்கறது வடமொழி. போஷாக்குன்னு சொல்றோமில்ல? அதே வழியில வந்ததுதான். ஊட்டி வளக்குறவர்."

"ஊட்டுறவுகளா? சோறா சார்?"

"சோறுதாம்மா. பின்ன என்ன?"

எந்திரிச்சு நின்னேன். வாயில கைய வச்சுக் கூவுனேன்.

"சாமீ! நான் காவக்காரி இல்ல சாமி! நம்ம பத்திரத்துல அதுக்கு வேற பேராம்! போஷகராம்! உங்களுக்குச் சோறு போடுறவ சாமி!"

உறுமி நின்னுருச்சு.

சாமியும் நின்னுருச்சு. அருவா மெதுவாக் கீழ எறங்குச்சு.

"என்ன சோறு?"ன்னு கேட்டுச்சு சாமி.

பின் வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாக. நான் படக்குன்னு, "என்ன வேணும்னு உத்தரவு போடுங்க சாமி, செய்றேன்"னுட்டேன். வாய் முந்தும்னு சொன்னேன்ல?

சாமிக்கு மொகம் தெளிஞ்சுருச்சு. மீசையத் தடவிக்கிட்டுச்சு.

"வெள்ளிக்கு வெள்ளி உன் கையால சோறு வேணும். வெள்ளாட்டுக் கறி, எலும்போட. மொளகு தூக்கலா இருக்கணும். அவிச்ச முட்டை."

"ஆகட்டும் சாமி!"

"பெறகு சக்கரைப் பொங்கல். நெய்யி ஒழுக ஒழுக. முந்திரிப்பருப்பு நெறைய."

இந்த இடத்துலதான் பொம்பளைக பக்கத்துல இருந்து ஒரு குரல் வந்துச்சு.

"சக்கரைப் பொங்கல் ஆகாது."

பெரியத்தை! பெரிய மாமாவோட சம்சாரம். அதுவரைக்கும் ஒரு ஓரமா தட்டு, தேங்காயோட நின்னவுக, கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா சாமி முன்னாடி வந்துட்டாக.

"யாருலே அது என் பேச்சைத் தட்டுறது!"

"நாந்தான் சாமி. கறி சரி, முட்டை சரி. பொங்கல் ஆகாது. நீக எறங்கி நிக்கிற உடம்புக்குச் சுகர் இருக்கு."

"நான் சாமித்தா! எனக்கு ஏது சுகரு!"

"நீக மலை ஏறிப் போயிருவீக. பெறகு அந்த உடம்ப ஆட்டோல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது யாரு? நீகளா வருவீக? போன கொடைத் திருவிழாவுக்குப் பொங்கல் கேட்டுச் சாப்பிட்டீக. மறுநாள் இவரு மயங்கிக் கிடந்தாரு."

எட்டூருக் காவக்காரரு ஒரு அடி பின்னால எடுத்து வச்சாரு. நெசமா! என் கண்ணால பாத்தேன், மேல இருந்து நல்லாத் தெரிஞ்சுச்சு.

"அப்பக் கருப்பட்டி போட்டு..."

"அதுவும் ஆகாது."

"ஒரே ஒரு கரண்டி..."

"ஆகாதுன்னா ஆகாது சாமி!"

ஊரே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. யாரு இந்தச் சாமிக்கு கார்டியன்னு அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு. பாவம், பெரியத்தை கையெழுத்துக்கூடப் போடல.

கடைசில சாமி பெருமூச்சு விட்டுச்சு. "கறிச்சோறு மட்டும் போதும்"னுச்சு. என்னையப் பாத்து, "எறங்கி வாத்தா"ன்னு கூப்பிட்டுச்சு. ஏணியில தடுமாறி எறங்கி, கால்ல விழுந்தேன். நெத்தி நெறைய துன்னூறு பூசிவிட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பயம் போன அழுகை அது.

லைன்மேன் அண்ணன் எட்டிப் பாத்தாரு. "சாமிக்கு ஆட்சேபணை இல்லைல்ல?"

"இல்லலே. ஏறு!"ன்னுச்சு சாமி.

"வாய்ல சொன்னாப் பத்தாதுங்க. எனக்கு எழுத்துல வேணும்."

சாமி அவரு நீட்டுன காயிதத்துல, பெரியத்தை தட்டுக் குங்குமத்துல தொட்ட கட்டைவிரலை அழுத்தி ஒரு உருட்டு உருட்டுச்சு. அச்சு பளிச்சுன்னு விழுந்துச்சு!

என் வீட்டுக்காரர் காதோரமா வந்து, "சாமியே கைநாட்டு வச்சிருச்சு. பின்ன நீ எதுக்குடி நடுவுல?"ன்னாரு.

லைன்மேன் அண்ணனுக்கும் அதே சந்தேகம். திரும்பவும் மோட்டார் ரூம் மேல ஏறிப் போனைப் போட்டேன். கேட்டுப் பாத்தேன்.

"மைனர் கைநாட்டு செல்லாதும்மா. கார்டியன் கையெழுத்துத்தான் செல்லும்"னாரு வக்கீல் சாரு. இதை மட்டும் நான் சாமிகிட்டச் சொல்லல. வாழ்க்கையில முதல் தடவையா வாய மூடிக்கிட்டு எறங்கி வந்து, கைநாட்டுக்குக் கீழ ஓரமா ஒரு கையெழுத்தப் போட்டேன்.

அண்ணன் கம்பத்துல ஏறுனாரு. வயர மாட்டுனாரு. சாமி மலை ஏறுனதும் பெரிய மாமா சோடா குடிச்சு, வேர்வையத் தொடச்சிக்கிட்டு வந்து, "என்னத்தா, சாமி என்ன சொல்லுச்சு?"ன்னு என்னையவே கேட்டாரு. பெரியத்தை ஒண்ணும் தெரியாத மாதிரி அவரு துண்ட உதறிக் குடுத்தாக.

சுவிட்சைப் போடச் சொன்னாக. போட்டேன்.

மோட்டார் ஒரு உறுமு உறுமுச்சு. குழாய்ல மொதல்ல காத்து வந்துச்சு. பெறகு செம்மண்ணுத் தண்ணி. பெறகு பளிங்கு மாதிரி தண்ணி!

பொம்பளைக கத்துன கத்து விஸ்வநத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். குடத்த எல்லாம் விட்டுட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் அள்ளி ஊத்துறாக! முந்தின நாள் டீக்கடையில என்னையத் திட்டுன அண்ணன் தலையில நானே ஒரு குடம் ஊத்துனேன். மனுசன் சிரிக்காரு. நான் ஏங்கி ஏங்கி அழுகுறேன். அழுதுக்கிட்டே சிரிக்கிறேன். அம்புட்டுச் சந்தோசம்ங்க! என் கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அப்படிச் சிரிக்கல. அதை என் வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல.

சரி, காரியம் முடிஞ்சிருச்சு, வெள்ளிக்கிழமை ஒரு சோத்தப் பொங்கி வச்சிட்டா ஆச்சுன்னு நினைச்சேன்.

என் சமையல் லட்சணம் உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டு நாய் என் குழம்ப மோந்து பாத்துட்டு, மரியாதையா எதிர் வீட்டுக்குப் போயிரும். முதல் வெள்ளி கறிக்குழம்புல உப்புப் போட மறந்துட்டேன். படையல் முடிஞ்சு அதைச் சாப்பிட்டது பெரிய மாமாதான். இலையில உப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கிட்டாரு. அடுத்த வெள்ளி பயந்து போயி ரெண்டு தடவை உப்பப் போட்டுட்டேன். அன்னைக்குச் சாமி திடுதிப்புன்னு எறங்கி, எல்லாரு முன்னாடியும் கேட்டுச்சு.

"ஏ மகளே, நீ ஊட்டி வளக்குறவளா? இல்ல, ஊறுகா போடுறவளா?"

அதுக்குப் பெறகு பெரியத்தைகிட்ட உக்காந்து கறிக்குழம்பு கத்துக்கிட்டேன். மசாலா அரைச்சு அரைச்சு விரல் ரேகையே தேஞ்சுருச்சு. தலையில இருந்து குடத்தை எறக்கி வச்சதென்னமோ நெசம். அந்த நேரத்துக்கு அம்மிக்கு முன்னால உக்காந்துட்டேன். பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில இருந்துக்கிட்டு, "என்ன மாரி, மைனருக்குச் சமையல் ஆச்சா?"ன்னு கேக்கும். கேட்டுட்டுக் குடத்துத் தண்ணியத் தெளிச்சுவிட்டுட்டு ஓடும்.

ஒருநாள் பொறுக்க மாட்டாம, வக்கீல் சாரைத் தேடிப் போயிட்டேன்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். மைனருக்குப் பதினெட்டு வயசு ஆயிருச்சுன்னா கார்டியனுக்கு விடுதலைதானே?"

"ஆமாம்மா. அன்னைக்கோட பொறுப்பு தீந்துரும்."

எனக்கு உசுரு வந்துச்சு. "அப்ப எங்க ஆளுக்கு எப்ப சார் பதினெட்டு?"

அவரு கண்ணாடியக் கழட்டி, துண்டால நிதானமாத் தொடச்சு, திரும்ப மாட்டிக்கிட்டுச் சொன்னாரு: "சாமிக்கு ஆகவே ஆகாதும்மா."